நடப்பவர்க்கு ஒரு கடைவீதி

ஓர் ஊர் ஊராக விளங்குவதற்கு என்னென்ன வேண்டும்? குடியிருக்க வீடு வேண்டும். குடிக்க நீர் வேண்டும். பிழைக்கத் தொழில் வேண்டும். இம்மூன்றும் உள்ள இடத்தில் மக்கள் வாழலாம். ஆயினும் மக்கள் வாழும் இடம் எல்லாம் ஊர் ஆகிவிடுவதில்லை. ஒருவரை ஒருவர் காணவும், வேண்டிய பொருளை வாங்கவும், வேலை முடிந்த மாலையில் காலாற நடக்கவும், எல்லார்க்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். அதனை நம் முன்னோர் கடைவீதி என்றனர், சந்நிதித் தெரு என்றனர், தேரடி என்றனர். பெயர் எதுவாயினும் அதன் இலக்கணம் ஒன்றே. அங்கே மனிதன் தன் இரு கால்களை நம்பி, அச்சமின்றிச் சென்று வரலாம்.

அத்தகைய இடம் ஒன்று அமையாமலே விரைந்து வளர்ந்துவிட்ட ஊர்கள் இன்று பல. அவற்றிற்கு ஓர் ஊர்நடுவைப் பின்னர் அமைத்துக் கொடுக்க இயலுமா? இயலும் என்றால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது? இவையே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசுவது தெளிவு தரும். ஆகவே சுங்குவார்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த நாற்சந்தி சுங்குவார்சத்திரம். அங்கிருந்து தெற்கே வாலாஜாபாத்துக்கு ஒரு சாலை பிரிகின்றது. வடக்கே மப்பேடு, பேரம்பாக்கம் பக்கமாக ஒரு சாலை பிரிகின்றது. சுற்றிலும் சிற்றூர்கள், அவற்றைச் சூழ்ந்து ஏரிகளும் வயல்களும். இந்த நாற்சந்தியின் பெயரே அதன் பழைய வரலாற்றைச் சொல்லிவிடுகின்றது. சத்திரம் என்பது வழிநடைக்காரர் தங்குவதற்கு ஏற்பட்ட அறம். அக்காலத்தில் வண்டி உடையவர் சிலர். கால்நடையாகச் சென்றவரே பலர். அவர்களுக்காகச் சாலை ஓரத்தில் சத்திரம் எழுந்தது. கோடையில் தண்ணீர்ப் பந்தல் எழுந்தது. சுமைதாங்கிக் கல் நின்றது.

அந்தச் சுமைதாங்கியைச் சிறிது நினைத்துப் பாருங்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர், பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைக்கவும், மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தக்க உயரம் அதற்கு உண்டு. சாலை அமைத்தவர் மனித உடம்பை அளவுகோலாகக் கொண்டார் என்பதற்கு அது சான்று. நடப்பவர்க்கு உரிய நகரம் என்று இன்று உலக அறிஞர்கள் எதைச் சொல்கின்றார்களோ, அதன் கருத்து முழுவதும் அந்தக் கல்லில் அடங்கியிருக்கின்றது.

இனி இன்றைய நிலையைக் காண்போம். 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. 2007இல் சுங்குவார்சத்திரத்தை ஒட்டி சாம்சங் நிறுவனத்தின் ஆலை தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிஸான் நிறுவனங்களின் கூட்டு ஆலை தோன்றியது. மின்னணுக் கருவிகளை இணைக்கும் ஆலைகளும், உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகளும் தொடர்ந்து வந்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் வந்து குடியேறினர். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கென ஒரு குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு பேரூரின் மக்கள்தொகையை ஒரே வளாகம் தாங்குகின்றது என்றால், இந்த வட்டாரம் எவ்வளவு விரைவாக வளர்ந்திருக்கின்றது என்பதை உணரலாம்.

இவர்களில் பெரும்பாலோர்க்குச் சொந்தமாகக் கார் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஆலைக்குச் செல்கின்றனர். திரும்பி வந்து சந்திப்பில் இறங்குகின்றனர். அங்கிருந்து நடக்கின்றனர், அல்லது ஷேர் ஆட்டோவில் ஏறுகின்றனர். காய்கறி வாங்குவதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், மருந்துக்கடைக்குப் போவதும், மெஸ்ஸில் உண்பதும் கால்நடையாகவே. ஆகவே இங்கே நடப்பவர் சிறுபான்மையினர் அல்லர். அவர்களே ஊரின் பெரும்பான்மை. ஆனால் ஊரின் அமைப்போ அவர்களை எண்ணி உருவானதன்று. கடைகள் யாவும் நெடுஞ்சாலையின் இரு கரையிலும் நீண்டு கிடக்கின்றன. இந்தக் கரையில் அறை. அந்தக் கரையில் அங்காடி. இடையே லாரிகளும் பேருந்துகளும் ஓடுகின்றன.

இதன் இடரை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இந்த நெடுஞ்சாலையை ஆறு தடங்கள் உடையதாக அகலப்படுத்தும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் எனக் கொண்டால், ஆறு தடங்களுக்கு 21 மீட்டர். சராசரி மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கின்றார். அப்படியானால் சாலையைக் கடக்க அவருக்கு 17 நொடிகளுக்கு மேல் வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதே நேரத்தில் ஏறத்தாழ 390 மீட்டர் ஓடிவிடுகின்றது. அதாவது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வரும் வண்டியும், நடப்பவர் அக்கரை சேர்வதற்குள் அவரை எட்டிவிடும். இருட்டில், இரவு முறைப்பணி முடித்துக் களைத்து வரும் ஒரு பெண் இந்தக் கணக்கை எப்படிப் போடுவாள்?

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் நடந்து சென்றவர் மட்டும் 32,825 பேர்; ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஒரு குற்றமும் செய்யாமல், ஒரு வண்டியும் ஓட்டாமல், தெருவைக் கடக்க முயன்ற ஒரே காரணத்திற்காக மாண்டவர்கள் இவர்கள்.

உயிர் இடரைத் தவிர மற்றொரு குறையும் உண்டு. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தம் தோழியர் பலர் நோயுற்றதை அறிந்து, ஓர் ஆலையின் பெண் தொழிலாளர் இந்த வட்டாரத்தில் நெடுஞ்சாலையிலேயே அமர்ந்து முறையிட்டனர். சாலையை மறிப்பது சரியா, தவறா என்னும் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் ஒன்றுகூடி நிற்பதற்கு நெடுஞ்சாலையை விட்டால் வேறு பொது இடம் இருந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தேரடியும் மந்தையும் இல்லாத ஊரில், துன்பம் வந்தாலும் திருவிழா வந்தாலும் மக்கள் கூடும் இடம் சாலைதான் ஆகிறது.

இந்தக் குறைக்குக் காரணம் யாது? ஒரே சாலை இரண்டு வேலைகளைச் செய்யுமாறு விடப்பட்டதே காரணம். ஊர் விட்டு ஊர் செல்லும் வண்டிக்கு ஓட்டம் வேண்டும். கடைவீதிக்கு நிலை வேண்டும். காஞ்சிபுரம் வட்டாரத்து உழவர் இதனை எளிதில் அறிவர். ஆறு ஓடுவதற்கு; ஏரி நிற்பதற்கு. ஆற்று நீரை வாய்க்கால் வழியாகத் திருப்பி ஏரியில் நிறுத்துவார்களே அன்றி, ஓடும் ஆற்றின் நடுவே ஏரிக்கரை போடமாட்டார்கள். நெடுஞ்சாலை ஆறு, கடைவீதி ஏரி. ஏரி அமைய வேண்டிய இடம் ஆற்றை விட்டுச் சிறிது விலகிய இடம். ஆகவே சுங்குவார்சத்திரத்தின் ஊர்நடு, நெடுஞ்சாலையில் அன்று, அதிலிருந்து பிரியும் கிளைச்சாலையிலோ அதன் பின்னே உள்ள தெருவிலோ அமைய வேண்டும் என்பது என் துணிபு.

தெருவை நடப்பவர்க்கு உரியதாக அமைப்பது நமக்குப் புதிதன்று. அருகிலுள்ள காஞ்சிபுரத்தில் ராஜ வீதிகள் நான்கும் அகன்று, நேராக ஓடுகின்றன. மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திங்கள்களின் பெயரால் தெருக்கள் வரிசையாகச் சூழ்ந்துள்ளன. இவற்றின் அகலத்தைக் காத்தது தேர். ஆண்டுக்கு ஒருமுறை தேர் வர வேண்டும். ஆதலால் எவரும் தம் வீட்டுத் திண்ணையை வீதிக்குள் நீட்டத் துணியவில்லை. எஞ்சிய நாளெல்லாம் அந்த அகலம் நடப்பவர்க்கும் விற்பவர்க்கும் பயன்பட்டது. பொது இடத்திற்கு ஒரு காவல் வேண்டும் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம். தேர் ஓடாத புதிய ஊர்களில் அந்தக் காவலைச் சட்டமும் வரைபடமும் ஏற்க வேண்டும்.

படிப்படியாகச் செய்யும் முறையும் நம் நாட்டில் முன்பே பேசப்பட்டதுதான். 1915ஆம் ஆண்டில் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான பழைய தெருக்களை இடித்துத் தள்ளி நேர்சாலை போடுவதே சீர்திருத்தம் என்று அதிகாரிகள் எண்ணியிருந்த காலம் அது. கெடிஸ் அதனை மறுத்தார். மருத்துவர் நோயை நாடிய பின்பே மருந்து தருவது போல, ஊரை நடந்து பார்த்து அறிந்த பின்பே அதில் கைவைக்க வேண்டும் என்றார். இங்கே ஒரு பாழ்மனையை அகற்றி மரம் நடுவது, அங்கே ஒரு சந்தைச் சிறிது அகலப்படுத்துவது என்று சிறு சிறு மாற்றங்களால் பெரும்பயன் பெறலாம் என்று காட்டினார். செலவும் குறைவு, குடிபெயர்வோரும் குறைவு.

இந்நாளில் நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு சென்னை தியாகராய நகர். 1920களில் நீண்ட ஏரி இருந்த நிலத்தில் திட்டமிட்டு எழுந்த நகர் அது. பனகல் பூங்காவை நடுவாக வைத்து, அகன்ற சாலைகளை முதலிலேயே ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் பாண்டி பஜார் நெருக்கடியின் உறைவிடம் ஆயிற்று. நடைபாதை வணிகர்க்கு 2013இல் தனிக் கட்டடம் தரப்பட்டது. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் சைக்கிள் ஓட்டுவோர்க்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. பின்னர்ச் சோதனையாகச் சில நாள் வண்டிகளை விலக்கிப் பார்த்தார்கள். 2019 நவம்பரில் அகன்ற நடைபாதைகளோடு புதிய வீதி திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் வந்தது. ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றம் அன்று அது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பணி. மேலும், அகலமான சாலையை முன்னோர் ஒதுக்கி வைத்திருந்ததால் அன்றோ, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நடைபாதையை அகலப்படுத்த முடிந்தது!

கடல் கடந்த நாட்டிலும் இதுவே அனுபவம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ராய்ய என்னும் கடைவீதியில் வண்டிகளை விலக்கினார்கள். வணிகர் பலர் அஞ்சினர். குளிர்நாட்டினராகிய நாம் இத்தாலியரைப் போல வீதியில் உலவும் வழக்கம் உடையோம் அல்லோம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் மக்கள் வந்தனர், உலவினர், வாங்கினர். முதலில் 15,800 சதுர மீட்டராக இருந்த நடப்போர் பரப்பு, நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு மடங்காகப் பெருகியது. ஒரு தெரு வெற்றி பெற்றதைக் கண்ட பின்பே அடுத்த தெரு. வண்டி நிறுத்தும் இடத்தையும் ஆண்டுக்குச் சிறிது சிறிதாகவே குறைத்தார்கள். மக்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

இனி சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். அங்கே முதற்படி யாது? அழகிய விளக்கும் நீரூற்றும் அல்ல. பாதுகாப்பாகச் சாலையைக் கடக்கும் வழியே முதற்படி. மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள். சாலையின் நடுவில் நின்று இளைப்பாறத்தக்க அகலமான திட்டு ஒன்று இருந்தால், நடப்பவர் ஒரே மூச்சில் 21 மீட்டரைக் கடக்க வேண்டியதில்லை. பத்தரை மீட்டரைக் கடந்து நிற்கலாம். அதற்கு 9 நொடிகள் போதும். சந்திப்பில் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டராகக் குறைத்தால், அந்த 9 நொடிகளில் வண்டி வருவது 100 மீட்டர் தூரமே. நடப்பவர் அதைக் கண்ணால் கண்டு முடிவு செய்யலாம். மேம்பாலம் அமையும் இடத்தில் விரைவு வண்டிகள் மேலே சென்றுவிடும். அப்போது கீழே உள்ள தரை ஊருக்குத் திரும்பக் கிடைக்கும். அதை லாரி நிறுத்துமிடமாக விட்டுவிடாமல், இரு கரையையும் இணைக்கும் நடைவழியாகவும் பேருந்து நிற்கும் இடமாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டும். படியேறிக் கடக்கும் பாலத்தைவிடச் சமதரையில் கடக்கும் வழியே சிறந்தது. மூட்டையோடு செல்பவரும், முதியவரும், கருவுற்ற பெண்ணும் படியேற மாட்டார். உயிரைப் பணயம் வைத்துத் தரையிலேயே கடப்பர்.

இரண்டாம் படி, ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுப்பது. ஊர் முழுவதையும் ஒரே காலத்தில் திருத்த முயன்றால் எதுவும் நிறைவேறாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி 300 அல்லது 400 மீட்டர் நீளமுள்ள ஒரு தெரு போதும். 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. ஒரு புள்ளியைச் சுற்றி 400 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால் அதனுள் ஏறத்தாழ 124 ஏக்கர் அடங்கும். சிறிய ஊர்நடு ஒன்றிற்கு அது தாராளமான இடம்.

அந்தத் தெருவில் நடைபாதை எப்படி இருக்க வேண்டும்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, தடையற்ற நடைபாதையின் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது. விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. இந்த அளவுகளில் பொருள் உண்டு. 1.8 மீட்டர் இருந்தால் எதிரெதிரே வரும் இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கலாம். உயரம் மிகுந்தால் முதியவர் ஏறமாட்டார், தெருவிலேயே நடப்பார். அளவு தவறிய நடைபாதை இருந்தும் இல்லாததே. கடைவீதியிலோ கூட்டம் மிகுதி. ஆதலால் அகலமும் இன்னும் மிகுதியாக வேண்டும். நடைபாதையின் கீழே மழைநீர் வடிகால் செல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முழங்கால் நீரில் நடக்க யாரும் கடைக்கு வரமாட்டார்கள். புங்கமும் வேம்பும் பூவரசும் நிழல் தர வேண்டும். நம் நாட்டில் நிழல் இல்லாத நடைபாதை சித்திரை, வைகாசியில் பயன்படாது. இரவு முறைப்பணி முடிந்து வருவோர்க்கு விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். கழிப்பிடமும் குடிநீர்க் குழாயும் வேண்டும். தண்ணீர்ப் பந்தல் வைத்த மரபினர் நாம். இவற்றை ஆடம்பரம் என்று கருத வேண்டா.

மூன்றாம் படி மிகவும் நுட்பமானது. தள்ளுவண்டிக்காரரையும் தரைக்கடைக்காரரையும் என்ன செய்வது? தூய்மை என்ற பெயரால் அவர்களை விரட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அறமும் அன்று, அறிவும் அன்று. குறைந்த கூலியில் வாழும் தொழிலாளிக்குச் சூடான இட்லியும், இரவு நேரத்தில் முட்டையும் பரோட்டாவும், நியாயமான விலையில் காய்கறியும் தருபவர் அவர்கள்தாம். கடை அடைத்த பின்னும் தெருவில் கண்கள் இருப்பதும் அவர்களால்தான். தனியே நடந்து வரும் பெண்ணுக்கு அந்த டீக்கடை விளக்கே துணை. 2014இல் இயற்றப்பட்ட தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு நடத்தாமல் அவர்களை அகற்றலாகாது என்கின்றது. அவர்களின் பிரதிநிதிகளும் அமர்ந்த குழு ஒன்று இடம் வகுக்க வேண்டும் என்கின்றது. சிற்றூர்களின் எல்லைகள் கூடும் இந்தச் சந்திப்பிலும் அச்சட்டத்தின் நெறியைப் பின்பற்றலாம். நடைபாதையில் நடப்பதற்கு ஒரு பட்டை, விற்பதற்கு ஒரு பட்டை, மரத்துக்கும் விளக்குக்கும் ஒரு பட்டை என்று வகுத்துவிட்டால் பூசல் பெரிதும் குறையும்.

நான்காம் படி வண்டிகளைப் பற்றியது. வண்டி நிறுத்த இடம் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரரின் அச்சம். அந்த அச்சத்தை நாம் இகழாமல் கணக்கிட்டுப் பார்ப்போம். 300 மீட்டர் தெருவின் இருபுறமும், ஒரு காருக்கு 6 மீட்டர் வீதம், நூறு கார்கள் நிற்கலாம். காருக்கு இருவர் என்றால் வந்தவர் 200 பேர். அதே பட்டையை நடைபாதையாக்கினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மீட்டர் அகலம் கிடைக்கின்றது. முறைப்பணி மாறும் ஒரு மாலைப்பொழுதில் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியே நடந்து செல்லலாம். கடைக்காரர்க்கு இருநூறு பேர் வேண்டுமா, ஆயிரம் பேர் வேண்டுமா? ஆயினும் உடனே எல்லா வண்டிகளையும் விலக்க வேண்டா. தெருவின் இரு கோடியிலும் பைக்குகளும் கார்களும் நிற்க இடம் கொடுத்து, சரக்கு வண்டிகளை விடியற்காலையில் வரச் செய்து, முதலில் ஞாயிறு மாலைகளில் மட்டும் தெருவை நடப்பவர்க்கு விடலாம். ஞாயிறுதான் தொழிலாளர் ஓய்வு பெறும் நாள். சந்தை கூடுவதற்கும் உகந்த நாள். சில திங்கள் கழித்து வரவு செலவைக் கடைக்காரர்களே சொல்லட்டும். பயன் இருந்தால் நாள்களைக் கூட்டலாம்; இல்லையேல் முறையை மாற்றலாம். கல்லும் சிமென்டும் போடுவதற்கு முன் இப்படிச் சோதித்துப் பார்ப்பது செலவில்லாத படிப்பு.

ஐந்தாம் படி கண்ணுக்கு உடனே தெரியாதது. ஆனால் நெடுங்காலம் நிலைப்பது. இனிமேல் எழும் கட்டடங்கள் எப்படி நிற்க வேண்டும் என்று வகுப்பதே அது. தெருவின் எல்லைக்கோட்டை இப்போதே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். கீழே கடை, மேலே வீடு என்னும் பழைய முறையை ஊக்க வேண்டும். பகலிலும் இரவிலும் தெருவுக்கு உயிர் இருக்கும். முன்புறம் நீண்ட மதில் எழுப்பித் தெருவுக்குப் புறங்காட்டும் கட்டடங்கள் கடைவீதிக்குப் பகை. மனைப்பிரிவுகள் தனித்தனித் தீவுகளாக நிற்காமல் ஒன்றோடொன்று குறுக்குத் தெருக்களால் இணைய வேண்டும். அப்போதுதான் நெடுஞ்சாலையைத் தொடாமலே ஒருவர் தம் அறையிலிருந்து அங்காடிக்கு வர இயலும். நிலம் வெறுமையாக இருக்கும்போது ஒரு கோடு வரைவது எளிது. கட்டடம் எழுந்த பின் அதே கோட்டுக்காக வழக்கும் இழப்பீடும் இடிப்பும் கண்ணீரும் தேவைப்படும்.

இவற்றை யார் செய்வது? இங்குதான் பெரிய முடிச்சு இருக்கின்றது. நெடுஞ்சாலை மத்திய அரசின் ஆணையத்துக்கு உரியது. கிளைச்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. சந்துகள் ஊராட்சிக்கு உரியவை. தொழிற்பேட்டையின் சாலைகள் சிப்காட் நிறுவனத்துக்கு உரியவை. நடந்து செல்பவர் அரைமணி நேரத்தில் இத்தனை எல்லைகளையும் கடந்துவிடுகின்றார். ஆனால் ஒரு கோப்பு அந்த எல்லைகளைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பெரிய எல்லைக்குப் பெரிய திட்டம் எழுதுவார்கள். அதோடு இந்த ஒரு சந்திப்புக்கென, மேற்சொன்ன துறையினரும் வணிகரும் தொழிலாளரும் ஊர்ப் பெரியோரும் அமர்ந்த சிறு குழு ஒன்றும் வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முதன்மை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது. தம் தொழிலாளர் நாள்தோறும் நடக்கும் தெருவுக்கு நிழலும் விளக்கும் தருவதைவிட அண்மையான பணி வேறு என்ன உண்டு? ஆயினும் நடைபாதை அறக்கொடை மட்டும் அன்று. அச்சமின்றி நடைபாதையில் நடப்பது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் உரைத்தது. ஆகவே அரசின் கடமை முதலில். பிறர் துணை அதன் பின்னர்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தெரு நன்றாக அமைந்தால் வாடகை ஏறும். சிறு கடைக்காரரும் அறைவாசியும் அதே தெருவிலிருந்து வெளியேற நேர்ந்தால், யாருக்காகத் தெருவைச் செம்மை செய்தோமோ அவர்களே அதனை இழந்தவர் ஆவர். ஆகவே ஊராட்சிக்குச் சொந்தமான கடைகளைக் குறைந்த வாடகையில் உள்ளூரார்க்கே ஒதுக்குவதும், தொழிலாளர் விடுதிகளைத் தொலைவில் தனிமைப்படுத்தாமல் ஊர்நடுவுக்கு நடக்கும் தூரத்தில் அமைப்பதும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர வேண்டும்.

பெரும்பொருள் குவித்து ஒரே ஆண்டில் எழுப்பும் நகர்நடு கண்ணைக் கவரும். ஆனால் அதில் ஒரு தவறு நேர்ந்தால் திருத்துவது அரிது. ஒரு கடக்கும் வழி, அதன்பின் ஒரு தெரு, அதன்பின் ஒரு சந்தை, அதன்பின் அடுத்த தெரு என்று வளர்வதில், ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஆசிரியர் ஆகிறது. முதற்படிக்குப் பெருந்திட்டம் எதுவும் காத்திருக்க வேண்டியதில்லை. முறைப்பணி மாறும் வேளையில் நான்கு துறை அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை பேர் எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றனர் என்று எண்ணட்டும். கூட்டம் மிகுதியாகக் கடக்கும் அந்த இடத்திலேயே முதற்கல்லை நடட்டும். வழிநடைக்காரர்க்காகச் சத்திரம் கட்டிய ஊர், தன் தெருவை மீண்டும் அவர்களுக்குத் திறந்துவிடுவதற்கு அதுவே நல்ல தொடக்கம்.